குனிந்த தலை

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. அவர் நினைவாக இருப்பது அந்த ஒரே போட்டோதான். ஈரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரி, கேமராவை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் "அப்படியே இருக்காருங்க" என்பார்கள். எனக்கு மட்டும் அது அப்பா மாதிரி தெரிந்ததே இல்லை. காரணம் என்ன என்று அறுபது வயது தாண்டும்வரை எனக்குப் புரியவில்லை. படம் வரையப் பழக ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி ஒரு வரைபட நோட்டையும் நாலைந்து பென்சில்களையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். சும்மா இருந்த கை சும்மா இருக்கவில்லை. வட்டம் போட்டு, இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய் என்று முகங்களை வரைந்துகொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் சுமாராக வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, அத்தனை பேரும் ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுக்க உக்காந்த மாதிரியே இருக்கறாங்க?" என்றார். உண்மைதான். ஒருவர்கூடத் திரும்பவில்லை, குனியவில்லை, அண்ணாந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே என் மனைவி அரிவாள்மனையில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்ததை வரைய உட்கார்ந்தேன். அவள் தரையில், நான் நாற்காலியில். அரை மணி நேரம் போராடினேன். முடித்துக் காட்டினேன்.

"இதாருங்க?"

"நீதான்."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "பூசணிக்காய்க்கு மூக்கு வெச்ச மாதிரி இருக்குதுங்க. நான் இப்படியா இருக்கறேன்?" என்று சொல்லிவிட்டு அவரைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கே தப்பு என்று பார்த்தேன். அவள் குனிந்திருந்தாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் கண் எனக்குத் தெரியவே இல்லை, இமை மட்டும்தான் தெரிந்தது. உதடு மூக்குக்குக் கீழே மறைந்திருந்தது. தெரிந்ததில் பாதிக்கு மேல் நெற்றியும் வகிடும் கொண்டையும்தான். ஆனால் என் கை இரண்டு கண்ணையும் முழுதாகப் போட்டிருந்தது. உதட்டையும் முழுதாகப் போட்டிருந்தது. முகம் என்றால் கண், மூக்கு, வாய் என்று சின்ன வயதிலிருந்து மனதில் பதிந்துபோயிருக்கிறது. எதிரில் இருப்பதை விட்டுவிட்டு, மனதில் இருந்ததை வரைந்து வைத்திருக்கிறேன்.

அப்போது பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஞாபகம் வந்தது. மேசைமேல் ஒரு பித்தளைக் குடத்தை வைத்து வரையச் சொல்வார். நாங்கள் எல்லாரும் குடத்தின் வாயை முழு வட்டமாகப் போடுவோம். அவர் குடத்தைத் தூக்கி எங்கள் கண் மட்டத்துக்குப் பிடிப்பார். வட்டம் ஒரு கோடாகிவிடும். கொஞ்சம் இறக்குவார். தட்டையான நீள்வட்டமாகும். இன்னும் இறக்கினால் அகலமாகும். "வாய் வட்டம்தான்டா. ஆனா உனக்கு வட்டமாத் தெரியுதா? தெரியறதைப் போடு" என்பார். அப்போது அது மார்க்குக்கான பாடம். ஐம்பது வருடம் கழித்துத்தான் அது தலைக்கும் பொருந்தும் என்று உறைத்தது.

மகன் போனில் தேடி, ஆண்ட்ரூ லூமிஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஓவியரின் முறையைக் காட்டினான். தலையும் கையும் வரைவதைப் பற்றி அவர் 1956-இல் ஒரு தனிப் புத்தகமே போட்டிருக்கிறார். அவர் சொல்வது இதுதான். தலையை ஒரு பந்தாக நினைத்துக்கொள். இரண்டு பக்கமும் காது வருகிற இடத்தில் கொஞ்சம் சீவித் தட்டையாக்கு. நெற்றி நடுவிலிருந்து கீழே ஒரு கோடு போடு. புருவ மட்டத்தில் பந்தைச் சுற்றி ஒரு கோடு போடு. பிறகு தாடையைத் தொங்கவிடு. பந்து எந்தப் பக்கம் சாய்கிறதோ, கோடுகளும் அந்தப் பக்கம் சாயும். கண், மூக்கு, வாய் எல்லாம் அந்தக் கோடுகளின்மேல்தான் உட்காரும்.

படிக்க எளிது. காகிதத்தில் பந்து சாய மாட்டேன் என்றது. அதனால் நம்ம நாமக்கல் ஜில்லாவில் பஞ்சமே இல்லாத ஒரு பொருளை எடுத்தேன். முட்டை. வேகவைத்த முட்டையின் கூர்ப்பக்கம் தாடை, அகலப்பக்கம் உச்சி. பென்சிலால் மேலிருந்து கீழாக ஒரு நடுக்கோடு. நடுவில் சுற்றிலும் ஒரு கண் கோடு. கண் முகத்தின் மேல்பாகத்தில் இருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உச்சியிலிருந்து தாடைவரை அளந்து பாருங்கள், கண் சரியாக நடுவில்தான் இருக்கும். அதற்குக் கீழே மூக்குக்கு ஒரு கோடு, வாய்க்கு ஒரு கோடு. பக்கவாட்டில், புருவத்துக்கும் மூக்கு நுனிக்கும் இடைப்பட்ட உயரத்தில் காது.

இப்போது முட்டையின் உச்சி நம்மைப் பார்க்கிற மாதிரி முன்னால் சாய்த்தேன். நேராக இருந்த கோடுகள் எல்லாம் நடுவில் தொய்ந்து, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி கீழே வளைந்தன. கண்ணுக்கும் வாய்க்கும் இடையில் இருந்த தூரம் சுருங்கிவிட்டது. காது மட்டும் மேலே ஏறிவிட்டது! கண்ணைவிட உயரத்தில் காது நிற்கிறது. பின்னால் சாய்த்தால் எல்லாம் தலைகீழ். கோடுகள் வில் மாதிரி மேலே வளைகின்றன, நெற்றி குறுகுகிறது, காது இறங்கித் தாடைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அந்த முட்டையை வைத்துக்கொண்டு ஒரு காலை முழுவதும் விளையாடினேன். "ஏனுங்க, சாப்பிடறீங்களா, இல்ல அதுக்குப் பேர் வைக்கப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள். புரட்டாசி வந்ததும் வீட்டுக்குள் முட்டைக்குத் தடை. அந்த மாதம் எலுமிச்சம்பழத்தில் கோடு போட்டு ஓட்டினேன்.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் தலைகளாகத் தெரிய ஆரம்பித்தது. ஈரோடு பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்குகிற தறித்தொழிலாளி. காவிரிப் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்து எட்டித் தண்ணீர் பார்க்கிற பையன். உத்தியோக காலத்தில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து எத்தனை ஆயிரம் தலைகளைப் பார்த்திருப்பேன்! மணியார்டர் பாரம் எழுதக் குனிந்தவை, ஜன்னல் சந்து வழியாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தவை. அத்தனையும் என் கண்முன் வந்து போயிருக்கின்றன. ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

நான் முடிவெட்டிக்கொள்கிற சலூன்தான் நல்ல பள்ளிக்கூடம். சலூன்காரர் இரண்டு விரலால் தலையைத் தொட்டு எப்படி வேண்டுமானாலும் திருப்பி வைப்பார். திருப்பிய தலை அப்படியே நிற்கும். அதைவிட நல்ல மாடல் எங்கே கிடைக்கும்? நோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் என் படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "காதை நம்பாதீங்க. யாருக்குமே ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருக்கறதில்லைங்க. அதனால நாங்க காதை வெச்சுக் கிருதாவை நிறுத்த மாட்டோம். கண்ணாடியில மொகத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவோம்." அத்தனை நாளும் இரண்டு காதையும் ஸ்கேல் வைத்து ஒரே மட்டத்தில் போட்டுக்கொண்டிருந்தவன் நான்.

இன்னொரு பாடம் நாமக்கல்லில் கிடைத்தது. ஆஞ்சநேயரை எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறேன். மேலே கூரை இல்லாமல், 18 அடி உயரத்தில், நரசிம்மர் சன்னதியைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். இந்த முறை கும்பிட்டுவிட்டு, ஓவியம் பழகுகிறவனாக அண்ணாந்து பார்த்தேன். நேரெதிரே கிட்டத்தில் நின்றால் தாடையும் மூக்கும்தான் முன்னால் வருகின்றன, நெற்றி குறுகிப் பின்னால் போகிறது. பின்னால் சாய்த்த முட்டையில் பார்த்த அதே கணக்கு. தள்ளிப் போகப் போக முகம் தன் அளவுக்கு வருகிறது. ஒரே சிலை, நான் நகர நகர முகம் மாறுகிறது.

ஓவியத்துக்கும் நாமக்கல்லுக்கும் பழைய உறவு உண்டு. கவிஞர் என்று நாம் கொண்டாடுகிற ராமலிங்கம் பிள்ளை, 1888-இல் மோகனூரில் பிறந்தவர், பாட்டால் பெயர் வாங்குவதற்கு முன்னால் படம் வரைந்து பெயர் வாங்கியவர். ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்த சில்பியும் நாமக்கல்லில் பிறந்தவர்தான். சீனிவாசன் என்பது இயற்பெயர், பிறந்தது 1919-இல். அவருடைய 'தென்னாட்டுச் செல்வங்க'ளை விகடனில் பார்த்துக் கத்தரித்து வைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தப் படங்களை இப்போது எடுத்துப் பாருங்கள். ஒரு சிலையின் தலை சாய்ந்திருந்தால், கிரீடமும் குண்டலமும் மாலையும் அந்தச் சாய்வோடு சேர்ந்தே சாய்ந்திருக்கும். முன்பெல்லாம் அந்த நகைகளின் நுணுக்கத்தைப் பார்த்து வியப்பேன். இப்போது அந்தச் சாய்வைப் பார்த்துத்தான் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்பாவிடம் வருவதற்குத்தான்.

அப்பா கைத்தறி நெய்தவர். இன்று பள்ளிபாளையத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் விசைத்தறிச் சத்தம்தான் கேட்கும். என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் குழித்தறி. தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தரையில் குழி வெட்டி, நெய்கிறவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத் தரை மட்டத்தில் உட்கார்ந்திருப்பார். மிதி குழிக்குள் இருக்கும். பாவு அவர் மடிக்கு நேரே நீண்டு கிடக்கும். இழை அறுந்தால் நாடாவை நிறுத்திவிட்டு, குனிந்து, அறுந்த நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுவார்.

நான் பக்கத்தில் நிற்பேன். நான் நிற்கிறவன், அவர் தரையோடு உட்கார்ந்திருப்பவர். ஆறேழு வயதுப் பையனான நானே அவரை மேலேயிருந்து கீழே பார்த்தேன். எனக்குத் தெரிந்த அப்பா உச்சந்தலை, பெரிய நெற்றி, அதற்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கிற மூக்கு நுனி, மேலே ஏறி நிற்கிற இரண்டு காது. அவ்வளவுதான். பேசும்போதும் நிமிர மாட்டார். "தார் எடுத்தா" என்பார், நான் எடுத்துக் கொடுப்பேன், கை மட்டும் நீளும். விடியற்காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரை அந்தத் தலை அப்படித்தான். ராத்திரி இருட்டில் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். ஸ்டூடியோவில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற மனிதரை நான் எப்போது பார்த்தேன்? அவர் கண்ணை நேராகப் பார்த்த நாள்கள் எத்தனை இருக்கும்? கூடத்துப் போட்டோ அப்பா மாதிரி தெரியாததற்குக் காரணம் இதுதான்.

அந்தக் குனிந்த தலையை ஒருமுறையாவது வரைந்துவிட வேண்டும் என்று தோன்றியது. என்னையும் அக்காவையும் விட்டால், அவரை அப்படிப் பார்த்தவர்கள் இன்று யாரும் உயிரோடு இல்லை. எனக்குப் பிறகு அந்தப் போட்டோதான் அப்பா என்று ஆகிவிடும்.

ஆனால் மாடலுக்கு எங்கே போவது? என் சாயல் அப்பாவுடையது என்று எல்லாரும் சொல்வார்கள். எனவே நானே தரையில் உட்கார்ந்து குனிந்துகொண்டு, மகனை நாற்காலியில் ஏறி நின்று போனில் படம் எடுக்கச் சொன்னேன். அதைப் பார்த்து வரைந்தேன். முதல் படத்தில் பழைய குணம் போகவில்லை, கண்ணைத் திறந்து வைத்துவிட்டேன். இரண்டாவதில் மூக்கை மேலே தூக்கிவிட்டேன். அப்பா என்று நினைத்த உடனே, அவர் முகத்தை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று கை பறக்கிறது. முகத்தைக் காட்டக் காட்டத் தலை நிமிர்ந்துவிடுகிறது. நிமிர்ந்தால் அது அப்பா இல்லை. பதினாலாவது தாளில்தான் தலை குனிந்தது. முடியைக் கறுப்பாக்கி, நெற்றியில் அப்பாவுக்கு இருந்த தழும்பையும் போட்டேன்.

எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எனக்கு முன்னால் அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்தவள். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தாள். நான் பரீட்சைத் தாளைக் கொடுத்த பையன் மாதிரி எதிரில் நின்றேன்.

"ஏன் கண்ணு, அப்பா தறியில உக்காந்திருக்கறதா?"

"ஆமாக்கா."

"உக்காந்திருக்கறது அப்பாதான். தலை அவருது இல்ல, உன்னுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்பாவுக்கு ரெட்டைச் சுழிடா. உச்சியில ரெண்டு சுழி இருக்கும். ரெண்டு சுழி இருந்தா ரெண்டு கல்யாணம்னு அப்பத்தா கேலி பண்ணிட்டே இருப்பா. அம்மா கோவிச்சுக்கும். ஞாயித்துக்கிழமை எண்ணெ தேச்சு உடறப்ப அந்த முடி மட்டும் படியவே படியாது, குத்திக்கிட்டு நிக்கும். உனக்கு ஒத்தச் சுழி. அதைப் போட்டு வெச்சிருக்கற."

ஒரு நாள் முழுவதும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே நின்ற தலை. அதில் இரண்டு சுழி இருந்தது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கையால் எண்ணெய் தேய்த்தவள்.

"தழும்பு சரியா இருக்குது" என்று ஆறுதலுக்குச் சொன்னாள். பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து, விரலால் உச்சியைத் தொட்டு, "இங்கொண்ணு, இங்கொண்ணு" என்று காட்டினாள். அவள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், நான் நிற்கிறேன். அப்போதுதான் கவனித்தேன். பெரிய நெற்றி. அதற்குக் கீழே மூக்கு நுனி. மேலே ஏறிய காது. முடிதான் முழுக்க வெளுத்திருக்கிறது. அப்பாவின் சாயல் எனக்கு என்று சொன்னவர்கள் எல்லாம் நேராகப் பார்த்துச் சொன்னவர்கள். குனிந்தால் அப்பா மாதிரி இருப்பது அக்காதான்.

"அக்கா, அப்படியே இரு, நிமிராதே" என்றேன்.

"எத்தனை நேரம்டா?"

"பத்து நிமிஷம்."

கால் மணி நேரம் ஆனது. கழுத்து வலிக்கிறது என்று இரண்டு முறை திட்டினாள். நான் நின்றபடியே வரைந்தேன். இந்த முறை கண்ணைத் திறக்க வேண்டும் என்று கைக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தில் இரண்டு சுழியைப் போட்டு, முடியைக் கறுப்பாக்கினேன். அடங்காத அந்த முடியையும் போட்டேன். காது சரியாக வந்திருக்கிறது. கழுத்து இன்னும் சரியில்லை. குனியும்போது பிடரி எலும்பு துருத்துகிற இடம் எனக்குப் பிடிபடவில்லை. கைகளைப் போடவே இல்லை, அதற்கு இன்னும் ஒரு வருடம் ஆகலாம். அதனால் பிரேம் போடவில்லை. பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். கூடத்துப் போட்டோ கூடத்திலேயே இருக்கட்டும், அது ஊருக்கான அப்பா.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் யாராவது இருந்தால், போனில் படம் எடுக்கும்போது "இங்கே பாருங்க, சிரிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பூக் கட்டும்போது, பேப்பர் படிக்கும்போது, பேரனுக்குச் சோறு ஊட்டும்போது, பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலேயிருந்தும் ஒன்றிரண்டு எடுத்து வையுங்கள். வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆசை இருந்தால் மட்டும் ஒரு முட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியாக இருந்தால் எலுமிச்சம்பழம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் திருச்செங்கோடு போகிறேன். கழுத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.